வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி: உங்களுக்கும் நடந்ததா?

தேன்மொழி
போன சித்திரையில் பையனுக்குத் தொடையில் கட்டி. மாமியார் சூட்டுக்கட்டி என்றார், நாமக்கட்டியைக் குழைத்துப் போட்டோம், உடைந்தது. பத்து நாளில் அக்குளில் அடுத்தது, அப்புறம் எனக்கு முதுகில், அவருக்கு இடுப்பில். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் போட்டு நிறுத்தியதும் நான்தான். கடைசியில் டாக்டர் கீறிவிட்டு, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார். எம்ஆர்எஸ்ஏவாம், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ஆர், ஆர், ஆர். அந்த மருந்துக்கெல்லாம் கேட்காதாம். அந்தக் காகிதத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், கொடியில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஈரத்துண்டு தொங்குகிறது. இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ரவி
எங்கள் வீட்டிலும் மூன்று பேருக்கு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, எங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று சொல்லாமலே இருந்துவிட்டார். காலையில் எழுப்பப் போனால் போர்வை காலோடு ஒட்டியிருந்தது, பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஆனாலும் சூடு என்பதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், எங்களுக்கு வந்ததெல்லாம் கோடையில்தான்.

மல்லிகா
ரவி சார், வெயிலில் வேர்வையும் சொறிதலும் அதிகம், அதனால் கட்டி வரும். ஆனால் சூடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது, கிருமிதான் தாவும். பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் கட்டிக்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி சும்மாவே குடியிருக்கிறது. மெத்திசிலின் 1959இல் வந்தது, 1961இலேயே இங்கிலாந்தில் அதற்கு அடங்காத கிருமியைக் கண்டுவிட்டார்கள், இன்றைக்கு அரைகுறையாக மாத்திரை போட்டால் எப்படிக் கேட்கும்? என் மகளுக்கு நாலு தடவை வந்து, எங்கள் டாக்டர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூக்கில் போட முபிரோசின் களிம்பு, குளிக்கக் கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் என்று ஐந்து நாள் கொடுத்த பிறகுதான் நின்றது. அவளுக்கு மட்டும் பார்த்தவரை திரும்பத் திரும்ப வந்தது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு ரேஸர், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கட்டியைத் துணியால் மூடி வையுங்கள், தயவுசெய்து பிதுக்காதீர்கள். சீழ் கட்டினால் டாக்டர் கீறிவிடுவதுதான் முதல் வைத்தியம், சின்னதாக இருந்தால் சிலருக்கு அதுவே போதும். சர்க்கரை உள்ளவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, ரவி சார், அம்மாவைச் சொல்கிறேன்.

தேன்மொழி
மல்லிகா அக்கா, மூக்கில் போடுவதைச் சின்னப் பிள்ளைக்கும் கொடுத்தார்களா? இவனுக்கு ஆறு வயது. நேற்றிலிருந்து காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறது, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறான்.