புவெர்ட்டா நினைவுப் போட்டி: 16-வது நிமிடக் கைதட்டல், 16-ம் எண் ஜெர்சி, சில சந்தேகங்கள்

இடதுவிங்:
ஆகஸ்ட் 28 ஆன்டோனியோ புவெர்ட்டா நினைவு நாள். ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் 16-ம் எண்ணில் ஆடியவர், 2007-ல் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து பிறகு இறந்தவர். செவில்லா ரசிகர்கள் சேர்ந்து பதினொருவர் நட்புப் போட்டி ஒன்று வைக்கிறோம். மூன்று சந்தேகம். செவில்லா கிளப் 16-ம் எண்ணை ஏன் நிரந்தரமாக எடுத்துவைக்கவில்லை? 16-வது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா, கைதட்டினால் போதுமா? எல்லாருடைய ஜெர்சியிலும் அவர் பெயரை அடிக்கலாமா? பேருக்கு நடத்தி முடிக்காமல் ஒழுங்காகச் செய்ய ஆசை.

நெர்வியோன்_1984:
முதலில் எண் விஷயம். ஸ்பெயின் லீகில் முதல் அணிக்கு 1 முதல் 25 வரைதான் எண். அதற்கு மேல் உள்ளவை இளையோர் அணியிலிருந்து வருபவர்களுக்கு. ஒரு எண்ணைப் பூட்டிவைத்தால் ஒரு வீரரின் இடமே போய்விடும். 23-ம் எண்ணை, ஆடும்போதே விழுந்து இறந்த மார்க்-விவியன் ஃபோவுக்காக மான்செஸ்டர் சிட்டி எடுத்துவைத்தது போல இங்கே சுலபம் இல்லை. அதனால் செவில்லாவில் 16 என்பது அந்த மண்ணில் வளர்ந்தவனுக்குப் போகும் எண் என்று ஆனது. 2017-ல் ஊர் திரும்பிய ஹெசூஸ் நவாஸ் அதைத்தான் வாங்கிக்கொண்டார். கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தவர், புவெர்ட்டாவோடு ஆடியவர். எண் அலமாரியில் தூங்குவதைவிட இதுவே பொருத்தம் என்பேன். ஸ்பெயின் அணிக்காக புவெர்ட்டா ஆடியது ஒரே ஒரு போட்டி, 2006 அக்டோபரில் ஸ்வீடனுக்கு எதிராக, 15-ம் எண்ணில். அந்த 15-ஐத்தான் அவர் நினைவாக செர்ஹியோ ராமோஸ் தேசிய அணியில் பல ஆண்டுகள் சுமந்தார்.

அறிவிப்பில் எதைச் சொல்வது என்றால், 2006 ஏப்ரல் 27-ஐச் சொல்லுங்கள். யூஈஎஃப்ஏ கோப்பை அரையிறுதி, ஷால்கேவுக்கு எதிராக, கூடுதல் நேரம், 100-வது நிமிடம், இடது காலால் ஒரே அடி. இரண்டு ஆட்டமும் சேர்த்து விழுந்த ஒரே கோல் அதுதான். அடுத்து ஐந்தோவனில் மிடில்ஸ்பரோவை 4-0 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். அவர் இறந்ததை மட்டும் பேசி, ஆடியதை விட்டுவிடாதீர்கள்.

கோட்டோரம்:
நடுவர் பக்கம் இருந்து சொல்கிறேன்.

செவில்லா மைதானத்தில் 16-வது நிமிடத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், கைதட்டல் அரங்கிலிருந்து வரும். நிறுத்தத் தேவையில்லை. ஒரு சிக்கல் மட்டும்: கணக்குப்படி 16-வது நிமிடம் என்பது கடிகாரம் 15:00 காட்டும்போதே தொடங்குகிறது. பாதிப்பேர் 15:00-லும் மீதிப்பேர் 16:00-லும் தட்டினால் இரண்டுமே மெலிந்துபோகும். ஏதாவது ஒன்றை முடிவுசெய்து முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள். ஸ்கோர்போர்டு இல்லையென்றால் நான்காவது நடுவர் அட்டையில் 16 என்று தூக்கிக்காட்டட்டும்.

நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் இரு கேப்டன்களும் நடுவரும் முன்னமே பேசிவைக்க வேண்டும். 2018 மார்ச்சில், இறந்துபோன 13-ம் எண் கேப்டன் டாவிடே அஸ்தோரிக்காக ஃபியோரெண்டினா, பெனவெந்தோ ஆட்டம் 13-வது நிமிடத்தில் நின்றது. பந்து வெளியே போனதும் நிறுத்துவது நல்லது, த்ரோ-இன்னோடு தொடரலாம். ஓடும் பந்தை விசில் அடித்து நிறுத்தினால் டிராப் பால் (நடுவர் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடர்வது) கொடுக்க வேண்டிவரும், யாருக்கு என்று வாக்குவாதம் வரும். நின்ற நேரத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

ஜெர்சியில் ஒரே பெயர் தாராளமாகப் போடலாம். 2007 ஆகஸ்ட் 31, மொனாக்கோவில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை, செவில்லா, மிலான் இரண்டு அணிக்கும் முதுகில் 'புவெர்ட்டா' என்றுதான் இருந்தது. ஆனால் எண்கள் வேறுவேறாக இருக்கட்டும், நடுவர் எண்ணைப் பார்த்துத்தான் குறிப்பெடுப்பார். எல்லாருக்கும் 16 அடித்தால் முதல் மஞ்சள் அட்டையிலேயே குழப்பம்.

கோல் அடித்தால் ஜெர்சியைக் கழற்றி உள்ளே இருக்கும் படத்தைக் காட்டுவோம் என்று யாராவது கிளம்புவார்கள். காரணம் எதுவானாலும் மஞ்சள்தான். 2010 உலகக்கோப்பை இறுதியில், இறந்த நண்பர் டானி ஹார்க்கே பெயரைக் காட்டிய இனியெஸ்டாவுக்கும் கொடுத்தார்கள். படம் போட்ட பனியனை வார்ம்-அப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் கட்டும் கறுப்புப் பட்டிக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம். வியர்வையில் பசை விட்டு நழுவும், நழுவக்கூடாது என்று இறுக்கினால் கை மரத்துப்போகும். 5 செ.மீ. அகல எலாஸ்டிக் துணி வாங்கி, கையளவுக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சியே கறுப்பு என்றால் வெள்ளைப் பட்டி.

முதலுதவி_பெஞ்ச்:
மேலே எல்லாம் சரி. ஆனால் புவெர்ட்டா பெயரில் போட்டி நடத்துபவர்கள் மருத்துவ ஏற்பாடு இல்லாமல் நடத்தக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

2007 ஆகஸ்ட் 25, கெட்டாஃபேவுடன் சீசனின் முதல் லீக் ஆட்டம். தன் பெனால்டி பெட்டி அருகே யாரும் மோதாமலே சுருண்டார். நினைவு திரும்பியது, எழுந்தார், தன் காலாலேயே நடந்து வெளியே போனார். டிரெஸ்ஸிங் ரூமில் மறுபடி விழுந்தார். அடுத்தடுத்து இதயம் நின்றதில் மூளையும் மற்ற உறுப்புகளும் பாதிக்கப்பட்டு மூன்றாம் நாள் இறந்தார், வயது 22. வலது இதயக் கீழறைத் தசை கொழுப்பும் நாருமாக மாறும் பரம்பரை நோய் அது. கடும் ஓட்டத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஈசிஜி-யில் சில நேரம் சிக்காமலும் போகும்.

மோதாமல் விழுந்தவரை, வேறு காரணம் தெரியும்வரை, இதயம் நின்றவராகவே எண்ணுங்கள். கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேட வேண்டாம். இடைவெளி விட்டு வாய் பிளந்து இழுக்கும் மூச்சு, மூச்சே அல்ல. நாக்கை விழுங்கிவிடுவார் என்று வாய்க்குள் விரல் விடுவதில் போகும் ஒவ்வொரு விநாடியும் நஷ்டம்.

ஒருவர் 108-க்கு அழைக்கட்டும் (இலங்கையில் 1990). ஒருவர் மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும், ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்தவரின் அழுத்தம் அவருக்கே தெரியாமல் ஆழம் குறையும். மூன்றாமவர் ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கையடக்கக் கருவி) எடுத்து ஓடட்டும். ஜெர்சியைக் கத்தரியால் வெட்டி, வியர்வையைத் துடைத்த பிறகே அதன் பேட் (மார்பில் ஒட்டும் தகடு): ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. ஈர மார்பில் பேட் ஒட்டாது.

எழுந்து நடந்தாலும் அவர் மறுபடி ஆடக்கூடாது, தனியாக டிரெஸ்ஸிங் ரூமுக்கு அனுப்பவும் கூடாது. ஏஇடி கூடவே போக வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் கண்ணை எடுக்கக்கூடாது.

இடதுவிங்:
ரொம்ப நன்றி. 16:00 என்று முடிவு செய்துவிட்டோம். ஏஇடி ஒன்று பக்கத்து ஜிம்மில் இருக்கிறது, ஆட்டம் முடியும்வரை தருவதாகச் சொல்கிறார்கள். எங்கே வைப்பது?

முதலுதவி_பெஞ்ச்:
நடுக்கோட்டருகே, இரு பெஞ்சுக்கும் இடையில், எல்லார் கண்ணிலும் படும்படி. பூட்டிய அறையில் வேண்டாம். வாங்கும்போதே பேட் உறையில் காலாவதித் தேதி பாருங்கள், பேட்டரி விளக்கு பச்சையா என்று பாருங்கள். கத்தரியும் ஒரு துண்டும் அதே பையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் நுழையும் வாயில் எது, அதன் சாவி யாரிடம் என்று கிக்-ஆஃபுக்கு முன் இரு அணிக்கும் சொல்லிவிடுங்கள்.