மறு: 'ஸ்ட்ரைடர்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஸ்ட்ரைடர் என்பது குரல்வளைப் பக்கம் மூச்சுப்பாதை குறுகினால் மூச்சோடு எழும் கீச்சொலி. பெற்றோருக்கு அச்சிடும் தாளில் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

> 'மூச்சிரைப்பு' என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, ஆனால் தப்பாகப் புரியும். இரைப்பு என்றதும் வீட்டில் ஆஸ்துமா என்று பயந்துவிடுவார்கள். போன வாரம் இரண்டு மாதக் குழந்தையோடு வந்த ஒரு அம்மா, "சளி கட்டி இழுக்குது" என்றார். மூன்று வாரமாகச் சளி மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். மல்லாக்கப் போட்டால் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம், அழுதால் இன்னும் கூடியது, தோளில் சாய்த்ததும் தணிந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் குரல்வளையின் மேல்பகுதி தொளதொளவென்று உள்ளே மடிகிறது. நெஞ்சில் சளியே இல்லை.

அதனால் சத்தம் எங்கே பிறக்கிறது என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும். எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் காற்று நிற்கும் இடங்களாகத் தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு என மூன்றைச் சொல்கிறதல்லவா? மருத்துவர் காதால் பிரிப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூக்கடைத்த குறட்டை மாதிரி என்றால் தலை. மூச்சு வெளியே வரும்போது விசிலடித்தால் நெஞ்சு, அதுதான் வீசிங். உள்ளிழுக்கும்போது கீச்சிட்டால் மிடறு. உள்ளேயும் வெளியேயும் கேட்டால் குரல்நாணுக்குக் கீழே அடைப்பைத் தேட வேண்டும். ஆகவே 'மிடற்றிரைச்சல்' என்கிறேன்.

இரைப்பையையும் இதே வேரில் சேர்த்த ஐயாவுக்கு: அதிலுள்ள இரை உணவு. கடல் இரைவதும் மூச்சு இரைப்பதும்தான் நமக்கு வேண்டியது.

> மிடறு என்றால் இன்று ஒரு வாய்த் தண்ணீர்தான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மிடறு தொண்டை என்பது, சிவனை நீலமிடற்றன் என்று பாடும் தேவாரம் படித்தவருக்குத்தான் தெரியும். 'தொண்டையிரைச்சல்' என்றால் தொண்டைப்புண் என்று நினைத்துக் கஷாயம் ஊற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இருந்ததுபோல் குரல்வளை தொளதொளவென்று மடியும் லாரிங்கோமலேசியாவுக்கு நீங்கள் சொன்ன 'குரல்வளைக் குழைவு' அருமை. சோறு குழைவது எல்லாருக்கும் தெரியும், பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லவும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

சரி, பெரும்பாலோர் கேட்டபடி அச்சுக்குக் 'குரல்வளை இரைச்சல்' என்றே அனுப்புகிறேன். வகுப்பில் மிடற்றிரைச்சலை விடமாட்டேன். அப்புறம் ஒன்று, அந்தத் தாளில் உதடு நீலமானாலோ மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ உடனே வாருங்கள் என்று ஒரு வரி வருகிறது. 'நெஞ்சுக்குழி' எல்லா ஊரிலும் புழங்குமா? இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.