நாணயச் சாலைப் பெண்களின் கூலி: யாருக்காவது தெரியுமா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. பழைய அமெரிக்க நாணயங்கள் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன், கூலிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

பிலடெல்பியா அரசு நாணயச் சாலையில் 1795-ல் சாரா வால்டிரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரு பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அச்சடிக்கும் முன் வெற்று வில்லைகளைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது இவர்கள் வேலை. எடை கூடினால் அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டும், குறைந்தால் உருக்க அனுப்ப வேண்டும். அந்தக் கால நாணயங்கள் சிலவற்றில் அரம் பட்ட கீறல் இன்றும் தெரியும் (எனக்குப் பிடித்ததே அதுதான்). கூலி நாளுக்கு 50 சென்ட்.

சரி, தங்கமோ வெள்ளியோ வராமல் வேலை நின்ற நாட்களில் இவர்களுக்குக் கூலி உண்டா? இதே வேலை செய்த ஆண்களுக்கு எவ்வளவு? அப்புறம், அதே ஊரில் ஷூல்கில் ஆயுதக் கிடங்குக்காகப் படைவீரர் உடுப்புகளை வீட்டிலிருந்தே தைத்த பெண்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. ஒரு சட்டைக்கு எவ்வளவு, நூல் யார் செலவு என்று தெரிய வேண்டும்.

அக்காலச் சம்பளப் பதிவேடுகளின் நகலை இணையத்தில் பார்த்தவர்கள் இருந்தால் சுட்டி கொடுங்கள். ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியானாலும் பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.