இணைய நிறுவனங்கள்தான் வடிகட்ட வேண்டுமாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

கம்பிக்காரன்:
திருட்டுப் படத் தளங்கள் பற்றிய இன்னொரு இழையில் வடபழனிவாசி எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "இணைய நிறுவனங்கள் மனது வைத்தால் ஒரே இரவில் எல்லாவற்றையும் வடிகட்டிவிடலாம். 2012-ல் விமியோவையே மூடிக் காட்டினார்களே. காசு வருகிறது, அதனால் கண்டுகொள்வதில்லை." இதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. அங்கே பதில் போட்டால் கூச்சலில் காணாமல் போகும் என்பதால் தனி இழை.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் பார்ப்பவன். 'சி' பிரிவு உரிமம், அதாவது சின்ன வட்டாரத்துக்கு மட்டுமான உரிமம், கேபிள்காரர்களோடு சேர்ந்து வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கிற ஆட்கள் நாங்கள். விமியோ என்கிற வீடியோத் தளத்தை மூடியது சாதனை இல்லை சார், கூத்து. ஒரு படத்துக்காகத் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடை உத்தரவு அது, 2012 ஏப்ரல் 25. எதிர்த்தரப்பில் பிஎஸ்என்எல் முதற்கொண்டு இணைய நிறுவனங்கள், கூடவே பெயர் தெரியாத ஆட்கள். அதை வைத்து மே மாதம் விமியோ போனது, டெய்லிமோஷன் போனது, பேஸ்ட்பின்கூடப் போனது. பேஸ்ட்பின்னில் இருப்பது வெறும் எழுத்து. அதில் எந்தப் படம் ஓடுகிறது என்று யாராவது சொல்லுங்கள். இதைத்தான் ஒருவர் "மூடிக் காட்டினார்கள்" என்று பெருமையாக எழுதுகிறார்.

வடபழனிவாசி:
பெயர் போட்டு இழுத்ததற்கு நன்றி. பாதிக் கதை சொல்கிறீர்கள், மீதியை நான் சொல்கிறேன். அதே நீதிமன்றம் ஜூன் 22 அன்று தெளிவாகச் சொன்னது: தடை, படம் இருக்கிற குறிப்பிட்ட யூஆர்எல்லுக்கு, அதாவது அந்தப் பக்கத்தின் முகவரிக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கும் இல்லை. முகவரியைக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். அப்படியென்றால் விமியோவை முழுசாகப் பூட்டியது யார்? நீதிபதியா, தயாரிப்பாளரா? நீங்கள். ஒரு பக்கத்தை மூடச் சொன்னால் சோம்பேறித்தனத்தில் கடையையே மூடிவிட்டு, "பார்த்தீர்களா, வடிகட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று எங்கள் மேல் பழி.

கம்பிக்காரன்:
ஏப்ரல் 25-க்கும் ஜூன் 22-க்கும் நடுவில் மே என்று ஒரு மாதம் வருகிறது, காலண்டரில் பாருங்கள். மே மாதம் பூட்டியவனிடம் ஜூன் மாத உத்தரவைக் காட்டி "ஏன் பூட்டினாய்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கையில் இருந்தது ஏப்ரல் உத்தரவு. அதில் பக்கமா தளமா என்று பிரித்துச் சொல்லவில்லை. நிறுவனத்தை எதிர்வாதியாகப் போட்டுவிட்டு, படம் கசிந்தால் நீதிமன்ற அவமதிப்பு என்று தலைக்கு மேல் கத்தி தொங்கவிட்டால், எவனும் கூடுதலாகத்தான் பூட்டுவான். பொறுப்பை எங்கள் தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

சட்டப்புலி:
இருவருமே சட்டத்தைப் பார்க்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79 என்று ஒன்று இருக்கிறது. இணைப்புத் தருகிறவர் இடைநிலையாளர். அவர் அனுப்பவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை என்றால் உள்ளடக்கத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார். 2015 மார்ச் 24 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் இடைநிலையாளர் நீக்க வேண்டும், கண்டவர் புகாருக்கெல்லாம் இல்லை. விவாதத்தை இங்கிருந்து தொடங்கினால் நல்லது.

வடபழனிவாசி:
ஜூன் 22 உத்தரவில் நீதிமன்றம் "தெளிவுபடுத்துகிறோம்" என்றுதான் சொன்னது, "மாற்றுகிறோம்" என்று சொல்லவில்லை. அதாவது முதல் நாளிலிருந்தே பொருள் அதுதான். உங்களுக்குப் புரியவில்லை என்றால் கேட்டிருக்கலாமே?

யாழ்வாசி:
நீங்கள் இரண்டு பேரும் ஒரு சினிமாப் படத்துக்காகச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் நாட்டிலே 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளத்தை இணைய நிறுவனங்கள் எல்லாம் பூட்டினவை. அரசாங்கம் சொன்னது, அவர்கள் செய்தவை, அவ்வளவுதான். சண்டை நடந்த காலத்தில் கொழும்பில் இருந்து அந்தச் செய்தியைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுவழிதான். அதற்குப் பிறகு 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு பேஸ்புக், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு வந்தபோது திரும்பவும் சமூக ஊடகம் எல்லாம். திருட்டுப் படத்துக்கென்று ஒரு பூட்டைச் செய்து வைத்தால், அந்தத் திறப்பு யாருடைய கையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

வடபழனிவாசி:
அண்ணா, அது போர்க்காலம், இது வியாபாரம். இரண்டையும் கலக்காதீர்கள்.

யாழ்வாசி:
2022-இல் என்ன போர் நடந்தது தம்பி? வரிசையில் நின்றது எரிவாயுவுக்கு.

கம்பிக்காரன்:
யாழ்வாசி சொன்னது சரியான இடம். வடபழனிவாசி அதைத் தொடமாட்டார். சரி, நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலை கடைசியில் தொலைத்தொடர்புத் துறை 857 ஆபாசத் தளங்களின் பட்டியலை அனுப்பி முடக்கச் சொன்னது. நாடு முழுக்கச் சத்தம். சில நாளிலேயே பின்வாங்கி, "குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் இல்லாத தளங்களைத் திறந்துவிடலாம்" என்று இன்னொரு கடிதம். எது இருக்கிறது எது இல்லை என்று யார் பார்ப்பது? நாங்களாம்! 857 தளங்களிலும் உட்கார்ந்து ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம். இது நடக்கிற காரியமே இல்லை என்று இணைய நிறுவனங்களின் சங்கமே எழுதிக் கொடுத்தது. தபால்காரன் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுப்பானா, பிரித்துப் படித்து "இது அண்ணிக்கு உகந்ததல்ல" என்று கிழித்துப் போடுவானா? வடபழனிவாசி கேட்பது இரண்டாவது ரகத் தபால்காரனை.

இன்னொன்று. இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது போகிற வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த இணைப்பு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது எனக்குத் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் வழியாகவோ, இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரிகிற எஸ்என்ஐ வழியாகவோ தெரியலாம். அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது தெரியவே தெரியாது. "பக்கத்தை மட்டும் மூடு" என்று உத்தரவு போடுவது சுலபம், பக்கமே கண்ணுக்குத் தெரியாதவன் எதை மூடுவான்?

வடபழனிவாசி:
மாட்டிக்கொண்டீர்கள். எச்டிடிபிஎஸ் பரவலானது பிறகு. 2012-ல் பெரும்பாலும் சாதா எச்டிடிபி. அப்போது முழு யூஆர்எல்லும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா? தெரிந்தது. பிறகு ஏன் விமியோவை முழுசாகப் பூட்டினீர்கள்? ஆமாம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில்.

கம்பிக்காரன்:
ஒரே சொல்லில் பதில் சொல்ல இது என்ன வினாடி வினாவா? அப்படிப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும், அதன் விலை தெரியுமா? நீங்கள் வாங்கித் தருவீர்களா? போகட்டும், பூட்டியதால் என்ன கிழிந்தது என்று பார்ப்போம். 2018 நவம்பரில் '2.0' வெளியாவதற்கு முதல் நாள் இதே நீதிமன்றம் 37 இணைய நிறுவனங்களுக்கு 12,000-க்கு மேற்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி உத்தரவு போட்டது. படம் வந்த அன்றே திருட்டுப் பிரதியும் வந்தது. தமிழ்ராக்கர்ஸ்காரன் அப்போது ஒரு பெயர் போனால் இன்னொரு பெயரில் வந்தான், புது டொமைன் வாங்க ஒரு பிரியாணி விலை போதும். நடுவில் 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக வாங்கிய உத்தரவில் 2,600-க்கு மேல் தளங்கள், அதில் ஆர்க்கைவ்.ஆர்க் மாட்டிக்கொண்டது. பழைய புத்தகங்களும் பழைய இணையப் பக்கங்களும் இருக்கிற நூலகம் ஐயா அது! பட்டியலைக் கொடுத்தவன் பார்த்தானா? இல்லை. நாங்கள் பார்க்காமல் பூட்டினோம் என்று மட்டும் சொல்வீர்கள்.

வடபழனிவாசி:
கேட்டது விமியோ. ஜூன் 22. பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மெல்போர்ன்மாமா:
அட, இங்கே ஆஸ்திரேலியாவிலும் இதே கூத்துதான். 2013 ஏப்ரலில் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பு ஒரு மோசடித் தளத்தை முடக்க, அது இருக்கிற கணினியின் எண்ணான ஐபி முகவரியைக் கொடுத்தது. அதே ஐபியில் 1,200 தளங்கள் குடியிருந்தன, எல்லாமே போயின. மெல்போர்னில் இலவசமாக வகுப்பு நடத்துகிற ஓர் அமைப்பின் தளமும் போய், அவர்கள் கேட்டதில்தான் விஷயமே வெளியே வந்தது. பிறகு பார்த்தால் இன்னொரு முறை 2,50,000 தளங்கள் போயிருந்தனவாம், அவற்றில் பெரும்பாலானவை வெறும் காலி மனைகள் என்றார்கள். இன்னொரு வேடிக்கை: படக் கம்பெனிகள் ஐஐநெட் என்ற இணைய நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் இங்குள்ள உயர் நீதிமன்றம் "வாடிக்கையாளர் செய்ததற்கு நிறுவனம் பொறுப்பில்லை" என்று சொன்னது 2012 ஏப்ரல் 20. சென்னை உத்தரவுக்கு ஐந்தே நாள் முன்னால்.

வடபழனிவாசி:
மாமா, அதோடு நிறுத்திவிட்டீர்களே. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2015-ல் உங்கள் நாடாளுமன்றமே பதிப்புரிமைச் சட்டத்தில் 115ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தளங்களை முடக்க இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிடலாம் என்று சட்டம் போட்டதே? அதைச் சொல்லக் கூச்சமா?

மெல்போர்ன்மாமா:
சொல்ல வந்தேன், அதற்குள் குதித்துவிட்டீர். அது நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான். நிறுவனம் தானாக வடிகட்டுவது வேறு, உத்தரவுப்படி முடக்குவது வேறு. இது புரியாமல்தான் இவ்வளவு நேரம் கத்துகிறீர்கள்.

சட்டப்புலி:
அதைத்தான் நான் மேலே பிரிவு 79 என்று சொன்னேன். படித்தவர் யாராவது உண்டா?

கம்பிக்காரன்:
படித்தோம் சார். பிரிவு 79 ஏட்டில் இருக்கிறது, எங்கள் மெயில்பெட்டியில் பட்டியல் இருக்கிறது. பட்டியல் வந்தால் பூட்டு, பூட்டாவிட்டால் உரிமம் போகும். வாடிக்கையாளர் போன் போட்டு "ஏன்டா தளம் வரவில்லை" என்று கத்துவான், காரணத்தைச் சொல்லவும் கூடாது, அதே சட்டத்தில் அரசு தளங்களை முடக்கச் சொல்கிற 69ஏ பிரிவு உத்தரவென்றால் அதற்கென்று ரகசிய விதியே இருக்கிறது. வடபழனிவாசிக்கு இதெல்லாம் தெரியாது. போன வருடம் பிராட்பேண்ட் கட்டண இழையிலும் இப்படித்தான், ஒன்றும் தெரியாமல் "கேபிள்காரன் கொள்ளை" என்று எழுதிவிட்டு ஓடினார்.

வடபழனிவாசி:
ஓடவில்லை, மட்டுறுத்துனர் இழையைப் பூட்டினார். உங்களுக்குப் பூட்டு என்றாலே முழுசாகத்தான் போலிருக்கிறது. நான் ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவர், வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் படத்தைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் போனில் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அந்த ஒன்றரை ஜிபி உங்கள் கம்பி வழியாகத்தான் போகிறது. அதற்கு மாதக் கட்டணம் நீங்கள்தான் வாங்குகிறீர்கள். வேகமான திட்டத்தை என்ன சொல்லி விற்கிறீர்கள்? "படம் சீக்கிரம் இறங்கும்" என்றுதானே?

கம்பிக்காரன்:
அந்தப் பேருந்தில் ஓடியது மொபைல் டேட்டா, என் கம்பி இல்லை.

வடபழனிவாசி:
ஆகா, என்ன ஒரு பதில்!

இருபிள்ளைத்தாய்:
சினிமாவை விடுங்கள். என் பெரியவன் ஏழாவது படிக்கிறான், பாடத்துக்கென்று கைப்பேசி கொடுக்க வேண்டியிருக்கிறது. தேடுவது ஒன்று, வந்து நிற்பது இன்னொன்று. நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் என்னென்ன பார்க்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இணைப்புக் கொடுக்கிறவர்கள் வீட்டுக்கு வரும்போதே ஒரு வடிகட்டி போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் ஏரியா ஆளிடம் கேட்டேன், "அதெல்லாம் நம்ம வேலை இல்லைக்கா" என்று போய்விட்டான்.

கம்பிக்காரன்:
அக்கா, அந்த ஆள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ரவுட்டர் அமைப்புக்குள் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போடுங்கள். கிளவுட்ஃபிளேர் இலவசமாகத் தருவது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வேலை செய்யாது, அதற்குக் கைப்பேசியிலேயே பெற்றோர் கட்டுப்பாடு போட வேண்டும். முழுப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வடபழனிவாசி:
பிடித்தேன்! வடிகட்டவே முடியாது என்று இவ்வளவு நேரம் அழுதவர் ஒரே வரியில் வடிகட்டி கொடுத்துவிட்டார். இதையே உங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் போட்டுவிட வேண்டியதுதானே?

கம்பிக்காரன்:
முடியாது என்று எங்கே சொன்னேன்? மேற்கோள் காட்டுங்கள். அக்கா தன் வீட்டுக்குத் தானே கேட்டுப் போடுகிறார், வேண்டாமென்றால் எடுத்துவிடுவார். நான் ஊருக்கே போட்டால் அது யாரைக் கேட்டு? அந்த 1.1.1.3-ஏ 2020 ஏப்ரலில் வந்த புதிதில் பால் சிறுபான்மையினருக்கான தகவல் தளங்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திறந்தது. உலகப் பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

வடபழனிவாசி:
உடனே திருத்தினார்களா இல்லையா? நீங்கள் விமியோவைத் திறக்க எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள்? ஜூன் 22 வரை.

கம்பிக்காரன்:
அதை உங்கள் தயாரிப்பாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். அவர்கள் ஏப்ரல் 25 அன்றே பக்க முகவரியோடு போயிருந்தால் ஜூனுக்கு வேலையே இல்லை.

இருபிள்ளைத்தாய்:
அந்த ரவுட்டர் அமைப்புக்குள் போகக் கடவுச்சொல் கேட்கிறதே, எங்கே இருக்கும்?

சட்டப்புலி:
ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் அம்மா. இந்த இழையில் பயனுள்ள கேள்வி இது ஒன்றுதான்.

வடபழனிவாசி:
சட்டப்புலி, உங்களை யாரும் நடுவராக நியமிக்கவில்லை.