அம்மாவோட க்யூஆர் தம்பி பேர்ல இருக்கு, என்ன பண்ணலாம்?

கீரைக்காரம்மா மக:
எங்கம்மா மதுரையில கீரை விக்கிறாங்க, 64 வயசு, பட்டன் போன் தான். விடியக்காலைல மாட்டுத்தாவணியில சரக்கு எடுக்க ரொக்கம் வேணும், ஆனா வாங்க வர்றவங்க முக்காவாசிப் பேரு "சில்லறை இல்லம்மா, ஸ்கேன் பண்ணிடவா"ங்குறாங்க. கடையில ஒட்டியிருக்கிறது தம்பி அக்கவுண்டு க்யூஆர். பத்து பதினஞ்சு ரூபாயா எல்லாம் அவனுக்குப் போகுது, ராத்திரி கேட்டா "நாளைக்கு எடுத்துத் தரேம்மா"ங்குறான். போன வாரம் சரக்குக்கு காசில்லாம தண்டல் வாங்கியிருக்காங்க. தன் காசு இருக்கும்போதே வட்டி கட்டுறாங்க, நினைச்சாலே வயிறு எரியுது. க்யூஆரை எடுத்துட்டா ஆளுங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. ஸ்மார்ட்போன் இல்லாம அவங்க பேர்லயே பண்ண வழி இருக்கா?

திண்டுக்கல்காரன்:
இருக்கு. மினிமம் பேலன்ஸ் இல்லாத ஜன்தன் அக்கவுண்ட் அம்மாவுக்கு இருக்கானு பாருங்க, அந்த அக்கவுண்டுக்கே க்யூஆர் போட்டுத் தரச்சொல்லி பேங்க்ல கேளுங்க. கூட காசு ஏறுனதும் சத்தமா சொல்ற ஒரு சவுண்ட் பாக்ஸ், சிலதுக்கு மாச வாடகை உண்டு, ஆனா பழைய ஸ்க்ரீன்ஷாட்டை காட்டிட்டு நழுவுறவங்ககிட்ட இருந்து அது தான் காப்பாத்தும். பட்டன் போன்ல கால் பண்ணியே பணம் அனுப்புறதுக்கு 123பேனு ஒண்ணு 2022ல வந்துச்சு, ஆனா எங்க ஆத்தா அது பேசுறத கேட்டு நம்பர் அமுக்குறதுக்குள்ள தடுமாறிப் போயிடுது. முதல்ல பேங்க்ல குடுத்திருக்கிற போன் நம்பர் யாரோடதுனு பாருங்க. தம்பியோடதுனா ஓடிபி பூரா அங்க தான் போகும்.

செங்கல்சூளை:
காசு ஏறுறது ஈஸிங்க, எடுக்குறது தான் பாடு. எங்கப்பா 40 வருஷம் கொத்தனார், சிமெண்ட்ல ரேகையே தேஞ்சிடுச்சு. ரேகை வச்சு பணம் எடுக்குற ஆதார் மிஷின்ல விரல வச்சா ரேகை விழவே மாட்டேங்குது, அவரு தன் மேல தான் தப்புங்குற மாதிரி கைய வேட்டியில தொடச்சு தொடச்சு வைக்கிறாரு, பக்கத்துல நிக்க முடியல. அம்மாவுக்கு ஏடிஎம் கார்டும் வாங்கிடுங்க, பின் நம்பர் அவங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

மல்லி:
வாங்குற நாமளும் மாறணும். ஏடிஎம்ல 500 தாளா வருது, 100, 200ம் வைக்கச் சொல்லி ரிசர்வ் பேங்க் 2025 ஏப்ரல்ல உத்தரவு போட்டுச்சு. நான் மளிகைக் கடையில நோட்ட மாத்தி வச்சுக்குறேன், கீரைக்கும் பூவுக்கும் காசா தான் குடுக்குறது.

கீரைக்காரம்மா மக:
அம்மாகிட்ட கேட்டேன், பேங்க்ல இருக்கிறது தம்பி நம்பர் தான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு ஊருக்குப் போறேன். செங்கல்சூளை அண்ணா, அப்பா இப்ப எப்படி பணம் எடுக்குறாரு?

செங்கல்சூளை:
பேங்க்லயே போய் ஸ்லிப்ல கையெழுத்துப் போட்டு எடுக்குறாரும்மா. பஸ்ல 9 கிலோமீட்டர்.