எஸ்டிஎம்32எல்476 உள் ஃப்ளாஷில் 8 பைட்டுக்குக் குறைந்த பதிவுகளை எழுதுவது எப்படி?

கேள்வி:
உணரி அளவீடுகளை எஸ்டிஎம்32எல்476 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் உள் ஃப்ளாஷிலேயே (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகம்) சேமிக்க விரும்புகிறேன். ஒரு பதிவு 6 பைட்டு. மீதி 2 பைட்டின் எல்லா பிட்டுகளையும் 1 ஆக வைத்து 8 பைட்டாக எழுதினால் சிக்கல் இல்லை. பிறகு அந்த 2 பைட்டில் அடுத்த பதிவைத் தொடங்கினால் ப்ராக்எர்ர் (எழுதும் பிழை) என்ற பிழைக்கொடி எழுகிறது. 1-ஐ 0 ஆக்குவதற்கு ஃப்ளாஷில் தடை இல்லையே? கோப்பு முறைமை வைப்பதானால் எது பொருந்தும்?

மறுமொழி 1:
சாதாரண நார் வகை ஃப்ளாஷில் தடை இல்லைதான். ஆனால் இந்தச் சிப், ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் ஈசிசியை (பிழை கண்டறிந்து திருத்தும் குறியீடு) தானே கணக்கிட்டுக் கூடவே எழுதிவிடுகிறது. உங்கள் கண்ணுக்கு அந்த 2 பைட்டு காலியாகத் தெரிந்தாலும், அவற்றையும் உள்ளடக்கிய ஈசிசி ஏற்கெனவே பதிந்துவிட்டது. புதிய தரவுக்கான ஈசிசியில் சில பிட்டுகள் 0-விலிருந்து 1-க்குத் திரும்ப வேண்டியிருக்கும், பக்கத்தை (ஒரே முறையில் அழியும் 2 கேபி பகுதி) அழிக்காமல் அது நடக்காது. 64 பிட்டையும் 0 ஆக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே, எழுதிய இடத்திலேயே கொடி பிட்டுகளை மாற்றிப் பதிவைச் செல்லாததாக்கும் ஸ்பிஃப்ஸ் கோப்பு முறைமை இங்கே ஒத்துவராது. லிட்டில்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையோ, எழுதிய இடத்தை அழிக்காமல் மீண்டும் எழுதுவதில்லை. அதன் அமைப்பில் ப்ராக் சைஸ் (ஒருமுறை எழுதும் குறைந்தபட்ச அளவு) 8, பிளாக் சைஸ் (ஒருமுறை அழிக்கும் அளவு) 2048 எனக் கொடுங்கள். கேச் சைஸ் (ரேமில் ஒதுக்கும் இடையகத்தின் அளவு) முன்னதன் மடங்காகவும் பின்னதை மீதியின்றி வகுப்பதாகவும் இருக்க வேண்டும், 64 போதும். 8 பைட்டுக்கு நிரப்பும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி, ஆனால் ஒவ்வொரு 6 பைட்டுக்கும் சிங்க் (எழுதியதை ஃப்ளாஷில் உறுதியாகப் பதியும் கட்டளை) அழைத்துவிடாதீர்கள். கோப்பு ஓரளவு வளர்ந்தபின், சிங்க்குக்கு அடுத்து வரும் எழுத்து, பாதி நிரம்பிய கடைசி பிளாக்கைப் புதிய பிளாக்குக்கு நகலெடுத்த பிறகே தொடர்கிறது. 6 பைட்டுக்காக 2 கேபி பக்கம் ஒன்று அழிகிறது. உள் ஃப்ளாஷின் உத்தரவாதமோ 10,000 அழிப்புகள்தான். மின்சாரம் போனால் எத்தனை பதிவுகளை இழக்கலாம் என்று முதலில் முடிவு செய்து, அத்தனையை ரேமில் சேர்த்துவைத்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வெளியே டபிள்யூ25க்யூ128 என்ற தனி ஃப்ளாஷ் சிப்பைப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீருமா?

மறுமொழி 1:
8 பைட்டுக் கட்டுப்பாடு தீரும், அழிப்பு எண்ணிக்கையும் 1,00,000 வரை கிடைக்கும். அங்கே சிக்கல் மறுபுறம்: ஒரே கட்டளையில் 256 பைட்டு பக்க (இங்கே பக்கம் என்பது எழுதும் அலகு) எல்லையைத் தாண்டினால், மிஞ்சிய பைட்டுகள் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றி வந்து விழும், பிழைக்கொடியும் எழாது. எல்லையில் துண்டாக்குவது டிரைவரின் பொறுப்பு. அதற்குப் பயந்து ப்ராக் சைஸை 256 ஆக்கினால், சின்ன மெட்டாடேட்டா (கோப்பு பற்றிய விவரம்) பதிவும் 256 பைட்டை விழுங்கும்; 16 போல வைத்துக்கொள்ளுங்கள்.