பழைய கணினியில் பிளேஸ்டேஷன் 2: எதை முதலில் மாற்றுவது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

வீட்டிலுள்ள பழைய கணினியில் எமுலேட்டர் (வேறு கருவியின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) மூலம் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளை ஓட்ட விரும்புகிறேன். இன்டெல் கோர் ஐ5-2400 புரொசசர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், பழைய ஹார்ட் டிஸ்க். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கருவி) விளையாட்டுகள் நன்றாக ஓடுகின்றன. பிளேஸ்டேஷன் 2 கார்ப் பந்தயத்தில்தான் சிக்கல்: வளைவில் நாலைந்து கார்கள் சேர்ந்தால் படம் இழுபடுகிறது, ஒலி துண்டு துண்டாகிறது.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கணினியின் பெட்டி ஒடுக்கமானது, பவர் சப்ளையும் சிறியது. ஆகவே ஏறத்தாழ 30 வாட் மட்டும் எடுக்கும் ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டை நினைத்திருக்கிறேன். அதில் டிடிஆர்4 நினைவகம் உள்ள வகை மிகவும் மெதுவானது, ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதுதான் வேண்டும். பாவித்த கார்டை வாங்கும்போது அதை எப்படி உறுதிசெய்வது? கார்டு வந்த அட்டைப் பெட்டியில்லாமல்தான் பெரும்பாலும் தருகிறார்கள்.

எமுலேட்டருக்குப் புரொசசரின் ஒவ்வொரு கோரின் (கணக்கிடும் பகுதியின்) வேகமும் முக்கியம் என்பதால், அதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ7-2600 புரொசசரைப் போட்டால் வித்தியாசம் தெரியுமா? அல்லது அந்தக் காசுக்குப் இதைவிடப் புதிய தலைமுறையைச் சேர்ந்த பாவித்த கணினியே வாங்குவது நல்லதா? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டியைப் பிறகு பார்க்கலாம், அது விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது.

யாழ்ப்பாணத்தில் பாவித்த பாகங்களைச் சோதித்துப் பார்க்கவிட்டு விற்கும் கடை தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்தவர்களின் அனுபவமும் பெரிதும் உதவும்.